குதிரை ஓடிவிட்டால் உங்கள் கையில் என்ன மிஞ்சும்?

மலைப்பாதையில் குதிரைச் சவாரி போவது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சுற்றின: வழியில் ஏதாவது ஆகிவிட்டால்? அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கே: நண்பர்கள் நாலு பேர் கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் பாதைகளில் 15 கிலோமீட்டர் சவாரி போகிறோம். முதலுதவிப் பெட்டி, செல்போன், டார்ச், தண்ணீர் எல்லாவற்றையும் சேணப்பையில் கட்டிவிட்டேன். வேறு என்ன வேண்டும்? – கோவை வாசகர்

ப: வேறு எதுவும் வாங்குமுன், கட்டியதில் பாதியை அவிழ்த்து உங்கள் உடம்பில் மாட்டுங்கள். மலைச் சவாரியில் விபத்து என்றாலே பெரும்பாலும் ஆள் ஒரு பக்கம், குதிரை ஒரு பக்கம். நீங்கள் தேயிலைச் செடிக்குள் கிடப்பீர்கள். உங்கள் செல்போன் குதிரையின் முதுகில் லாயத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். எதை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய ஒரு கேள்வி போதும்: குதிரை ஓடிவிட்டால் இது எனக்கு வேண்டுமா? வேண்டும் என்றால் அது சேணத்தில் இருக்கக் கூடாது.

உங்கள் உடம்பில் இருக்க வேண்டியவை: ஜிப் போட்ட இடுப்புப் பையில் செல்போன், கழுத்தில் அல்லது சட்டையில் விசில், மடக்குக் கத்தி, சின்ன டார்ச், ஒரு முக்கோணக் கட்டுத்துணி, பெயர், ரத்த வகை, வீட்டு எண் எழுதிய அட்டை. பையின் வாய் வயிற்றுப் பக்கம் இருக்கட்டும். பின் பாக்கெட்டிலோ முதுகுப் பையிலோ கெட்டியான பொருள் வேண்டாம். மல்லாக்க விழுந்தால் அது நேராக முதுகெலும்பில்தான் இடிக்கும்.

சேணப்பையில் குதிரைக்கானவை மட்டும்: குளம்பைச் சுத்தம் செய்யும் கொக்கி, கட்டிங் பிளேயர், அரை லிட்டர் நார்மல் சலைன் பாட்டில், ஒட்டாத காஸ் பேடுகள் நாலு, 10 சென்டிமீட்டர் அகலக் கிரேப் பேண்டேஜ் இரண்டு, ஒரு சுருள் பஞ்சு, குழந்தைகளுக்கான டயப்பர் இரண்டு, டக்ட் டேப், தெர்மாமீட்டர், அறுந்த வாரைக் கட்ட இரண்டு தோல் நாடா. கட்டிங் பிளேயர் எதற்கு என்று பலரும் கேட்கிறார்கள். எஸ்டேட் ஓரங்களில் முள்வேலி அறுந்து புல்லுக்குள் கிடக்கும். பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கும் இருக்கும். குதிரைக் காலில் அது மாட்டினால் கத்தியால் ஒன்றும் ஆகாது. கடிவாளத்துக்கு அடியிலேயே, கட்டிப்போட உதவும் தலைவாரான ஹால்ட்டரைப் போட்டு, 3 மீட்டர் கயிறு ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். பையின் இரு பக்கமும் எடை சமமாக இருக்க வேண்டும். அரைக் கிலோ வித்தியாசம் கூட ஏற்ற இறக்கத்தில் சேணத்தை ஒரு பக்கமாக இழுத்து, கழுத்து முதுகோடு சேரும் தோள்மேட்டில் புண்ணாக்கிவிடும்.

இன்னொரு எடைக் கணக்கும் உண்டு. ஆள், சேணம், பை எல்லாம் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. எடை மேடை இல்லாவிட்டால் டேப் எடுத்து, முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரை நீளத்தையும் சென்டிமீட்டரில் அளங்கள். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 145, நீளம் 140 என்றால் சுமார் 248 கிலோ. அந்த மட்டக் குதிரை சுமக்கக்கூடியது மொத்தமே 50 கிலோ. உங்கள் நண்பர்களில் 80 கிலோக்காரர் இருந்தால் அவருக்குப் பெரிய குதிரை தேடுங்கள். களைத்துத் தடுமாறும் குதிரைதான் இறக்கத்தில் முழங்காலில் விழுகிறது.

கிளம்புமுன் வீட்டில் ஒருவரிடம் பாதையையும் திரும்பும் நேரத்தையும் சொல்லி, ‘ஐந்து மணிக்குள் போன் வராவிட்டால் தேட ஆள் அனுப்பு’ என்றும் சொல்லிவிடுங்கள். மேப்பை முன்கூட்டியே செல்போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சிம்முக்குச் சிக்னல் இல்லாத இடத்திலும், வேறு கம்பெனி டவர் எட்டினால் அவசர உதவி எண் 112 போகும். குரல் அழைப்பு விட்டுவிட்டு வரும் இடத்தில் குறுஞ்செய்தி போய்ச் சேர வாய்ப்பு அதிகம். அனுமதி இல்லாமல் ரிசர்வ் காட்டுக்குள் குறுக்கு வழி போகாதீர்கள். யானை, காட்டுமாடு ஒரு பக்கம் இருக்கட்டும்; இருக்கக் கூடாத இடத்தில் இருப்பவர் உதவி கேட்கத் தயங்குகிறார், அந்தத் தயக்கத்தில் நேரம் போய்விடுகிறது.

கே: குதிரை களைப்பாக இருக்கிறதா, உண்மையிலேயே ஆபத்தில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? – ஊட்டி வாசகி

ப: பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44; மூச்சு 8 முதல் 16; உடல் சூடு 99 முதல் 101 டிகிரி ஃபாரன்ஹீட். உங்கள் குதிரைக்குச் சாதாரணமாக எவ்வளவு என்று லாயத்திலேயே ஒரு வாரம் காலையில் பார்த்து எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பு இல்லாமல் மலையில் எண்ணிய எண்ணுக்குப் பாதி மதிப்புத்தான்.

தாடை எலும்பின் அடியில், கன்னத் தசை தொடங்கும் இடத்தில், ஒரு ரத்தக் குழாய் கயிறு மாதிரி உருளும். அதை எலும்போடு சேர்த்து இரு விரலால் மெல்ல அழுத்தி, 15 நொடி எண்ணி நாலால் பெருக்குங்கள். கட்டைவிரல் வேண்டாம், உங்கள் நாடியையே எண்ணிவிடுவீர்கள். ஸ்டெதாஸ்கோப் இருந்தால் குதிரையின் இடது முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால் வையுங்கள். அங்கே கேட்கும் ‘லப்-டப்’ சேர்ந்து ஒரு துடிப்பு. புதியவர்கள் அதை இரண்டாக எண்ணிப் பயந்துபோவது உண்டு. பிறகு உதட்டை உயர்த்தி ஈறைப் பாருங்கள். ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 நொடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். ஈறு செங்கல் நிறமாகவோ ஊதாவாகவோ மாறியிருந்தால் சவாரி அதோடு முடிந்தது.

ஏற்றம் ஏறி நின்றதும் நாடி 100ஐத் தாண்டியிருந்தாலும் கவலை இல்லை. 10, 15 நிமிடம் நிழலில் நிறுத்திய பிறகு 64க்குக் கீழே இறங்குகிறதா என்பதுதான் கேள்வி. இறங்காவிட்டால் தெர்மாமீட்டர் வையுங்கள் (ஆசன வாயில்தான், நூல் கட்டி வாலில் கிளிப் போடாவிட்டால் உள்ளே போய்விடும்). 104ஐ நெருங்கினால் குளிரவைக்க வேண்டும். 106 என்றால் உயிராபத்து. கிடைக்கிற தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றுங்கள், நிறுத்தாமல் ஊற்றுங்கள். ஈரச் சாக்கைப் போர்த்தாதீர்கள். அது சற்று நேரத்தில் சூடாகி, ஆவி வெளியேறாமல் தடுக்கும் போர்வை ஆகிவிடும். சூடான குதிரைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்பது பழைய பேச்சு. குடிக்க விடுங்கள்.

சென்னை மாதிரி புழுக்கமான ஊர்களில் குதிரைக்கு வியர்வையே நின்றுபோகும் கோளாறு வருவதுண்டு. கடும் வெயிலில் ஓடிய குதிரை உலர்ந்த மேனியோடு வேகமாக மூச்சு வாங்கினால் ‘பரவாயில்லை, வியர்க்கவே இல்லை’ என்று எண்ணிவிடாதீர்கள். அது கெட்ட செய்தி.

கே: வழியில் குதிரை வயிற்றுவலியால் படுத்துப் புரண்டால் இஞ்சியும் பெருங்காயமும் எண்ணெயில் கலந்து மூங்கில் குழாயில் புகட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். சரியா? – பொள்ளாச்சி வாசகர்

ப: சரியில்லை. குழாய் வழியாக ஊற்றும் எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். வயிற்றுவலியில் தப்பித்த குதிரை நுரையீரல் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த கதைகள் நிறைய. எண்ணெய் கொடுக்க வேண்டி இருந்தால் மருத்துவர் மூக்கு வழியாக இரைப்பைக்கே குழாய் இறக்கிக் கொடுப்பார். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதால், இரைப்பை நிரம்பினால் அதே குழாய் வழியாகத்தான் காலி செய்யவும் வேண்டும். ஏற்கெனவே நிரம்பியிருக்கும் இரைப்பையில் நீங்கள் மேலும் ஊற்றினால் அது கிழியக்கூடும்.

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். இறங்குங்கள், சேணத்தைக் கழற்றுங்கள், வாய்க்கு எட்டும் புல்லை விலக்குங்கள். முன்காலால் தரையைப் பிறாண்டுகிறது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது என்றால் 10 நிமிடம் மெல்ல நடத்துங்கள். அமைதியாகப் படுத்திருந்தால் படுக்கட்டும். மணிக்கணக்கில் நடத்தினால் களைப்புத்தான் மிஞ்சும். மருத்துவரைக் கூப்பிடும்போது கையில் ஐந்து விவரம் இருக்கட்டும்: எப்போது தொடங்கியது, நாடி எவ்வளவு, ஈறு என்ன நிறம், கடைசியாகச் சாணம் போட்டது எப்போது, விலாவில் காது வைத்தால் குடல் சத்தம் இரு பக்கமும் கேட்கிறதா. நாடி 60க்கு மேலேயே நிற்கிறது, குடல் சத்தமே இல்லை என்றால் ‘நாளைக் காலை பார்க்கலாம்’ என்று விடக்கூடிய வலி அல்ல. புரண்ட குதிரை திடீரென அமைதியானாலும் நாடியைப் பாருங்கள். நாடி ஏறிக்கொண்டே போய் வலி மட்டும் அடங்கினால், உள்ளே குடலோ இரைப்பையோ கிழிந்திருக்கக்கூடும்.

வலி ஊசியைச் சொந்தமாகப் போடாதீர்கள். அறிகுறி மறைந்துவிடும், தசையில் போட்டால் அந்த இடமே அழுகிப்போன சம்பவங்கள் உண்டு.

இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னொரு நோயும் இருக்கிறது. இரண்டு நாள் லாயத்தில் நின்று முழுத் தீனி தின்ற குதிரை, கிளம்பிய அரை மணியில் பின்னங்கால் விறைத்து, வியர்த்து, நகர மறுக்கும். பிட்டத் தசை பலகை மாதிரி இருக்கும்; சிறுநீர் காப்பி நிறத்தில் வரும். இதை நடத்தவே கூடாது. ஒவ்வொரு அடியும் தசையை இன்னும் சிதைக்கும். இருக்கிற இடத்திலேயே நிறுத்தி, தண்ணீர் காட்டி, வண்டியை அங்கே வரவழையுங்கள். ஓய்வு நாளில் தானியத்தைப் பாதியாகக் குறைத்திருந்தால் பெரும்பாலும் இந்த வேலையே இல்லை.

கே: உள்ளங்குளம்பில் ஆணி ஏறினால் உடனே பிடுங்கலாமா? – ஏற்காடு வாசகர்

ப: மருத்துவர் ஒரு மணி நேரத்துக்குள் வருவார், குதிரையை நிற்க வைக்க முடியும் என்றால் பிடுங்காதீர்கள். ஆணி உள்ளே இருக்கும்போதே எக்ஸ்ரே எடுத்தால் அது எதைத் தொட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். மலையில் பெரும்பாலும் அந்த வசதி இருக்காது. நடந்தே ஆக வேண்டும், ஒவ்வொரு அடிக்கும் ஆணி இன்னும் இறங்கும் என்றால் எடுத்துவிடுவதே மேல். எடுக்குமுன் செல்போனில் இரண்டு கோணத்தில் படம் எடுங்கள். நேராக இழுத்து, எவ்வளவு ஆழம் இறங்கியிருந்தது என்று ஆணியிலேயே டேப் ஒட்டிக் குறித்து, அதைப் பத்திரப்படுத்துங்கள். ஓட்டை சில நிமிடத்தில் மூடி, இடமே தெரியாமல் போய்விடும். அதனால் சுற்றிலும் பேனாவால் வட்டம் போடுங்கள். சலைனில் கழுவி, டயப்பரைக் குளம்பின் மேல் மாட்டி, டக்ட் டேப்பால் அடியைப் பலமுறை சுற்றுங்கள். டேப் குளம்போடு நிற்கட்டும். மேலே தோலைச் சுற்றி இறுக்கினால் ரத்த ஓட்டம் தடைபடும். லாடம் கழன்றுபோன குளம்பையும் இதே கட்டோடு மெதுவாக வீட்டுக்கு நடத்திக் கொண்டுவரலாம்.

குளம்பின் நடுவில் உள்ள மெத்தென்ற முக்கோணப் பகுதியிலோ அதன் பக்கத்து வாய்க்காலிலோ ஏறிய ஆணி ரொம்பவும் ஆபத்தானது. அதற்கு மேலேதான் தசைநாணும் மூட்டும் இருக்கின்றன. குதிரை நொண்டவே இல்லை என்றாலும் அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். டெட்டனஸ் கிருமிக்குக் குதிரை மிக எளிதில் பலியாகும். ஆண்டுக்கொரு தடுப்பூசி போட்ட தேதியைச் செல்போனில் குறித்து வையுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

கே: முள்கம்பி கிழித்து ரத்தம் கொட்டியது. வழிகாட்டிப் பையன் காப்பித்தூள் வைத்து அழுத்தினான். நின்றுவிட்டதே? – கொடைக்கானல் வாசகி

ப: நிறுத்தியது அவன் அழுத்திய கை. காப்பித்தூள், மஞ்சள்தூள், சாம்பல் எல்லாமே புண்ணுக்குள் அழுக்காகத் தங்கி, தையல் போட வரும் மருத்துவருக்கு ஒரு மணி நேர வேலையைக் கூட்டுபவை. சுத்தமான துணியோ சானிட்டரி நாப்கினோ வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது. ஊறி வந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். குதிரைக்கு உடல் எடையில் சுமார் 8 சதவீதம் ரத்தம். 300 கிலோ குதிரைக்கு ஏறக்குறைய 24 லிட்டர். தரையில் ஒரு லிட்டர் சிந்தினால் கொலைக்களம் மாதிரி தெரியும், ஆனால் அதனால் குதிரை சாகாது. துடித்துத் துடித்துப் பீச்சுகிறதா என்று மட்டும் பாருங்கள். பீச்சினால் அது தமனி, அழுத்தத்தை விடவே கூடாது.

ரத்தம் நின்ற பிறகு சலைனால் கழுவுங்கள். சலைன் தீர்ந்தால் கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு, அதாவது தலை தட்டிய ஒன்றரைத் தேக்கரண்டி. ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்க்க நன்றாக இருக்கும். ஆறப்போகும் திசுவையும் சேர்த்தே எரித்துவிடும். பிறகு ஒட்டாத பேடு, அதன் மேல் தாராளமாகப் பஞ்சு, அதன் மேல் கிரேப் பேண்டேஜ், ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடும்படி. பஞ்சு இல்லாமல் இறுக்கினால் கட்டே தசைநாணைக் காயப்படுத்தும். மூட்டுப் பக்கத்துக் காயத்திலிருந்து வெளிர் மஞ்சளாக, விரலில் இழை விடும் திரவம் கசிந்தால் மூட்டு திறந்துவிட்டது என்று கொள்ளுங்கள். காயம் ஒரு சென்டிமீட்டர்தான் என்றாலும் அது அவசர நிலை.

கே: பைக் ஹெல்மெட் போதாதா? – திருச்சி வாசகர்

ப: போதாது. கனம் கூடுதல், காதை மூடுவதால் பின்னால் வரும் வண்டியும் கேட்காது. ஏ.எஸ்.டி.எம். எஃப்1163 என்ற அமெரிக்கத் தர முத்திரை உள்ள சவாரி ஹெல்மெட் வாங்குங்கள். ஒரு முறை பலமாக அடி வாங்கியதை மறுபடி போடாதீர்கள். ஹெல்மெட்டுக்குக் காட்டும் அக்கறையைக் காலணிக்கும் காட்டுங்கள். குதிகால் இல்லாத விளையாட்டு ஷூ, கால் வைக்கும் வளையமான அங்கவடிக்குள் நழுவி மாட்டிக்கொண்டால் குதிரை உங்களை இழுத்துக்கொண்டே ஓடும். ஓர் அங்குலக் குதிகால் வேண்டும். அங்கவடி உங்கள் காலணியைவிட ஓர் அங்குலம் அகலமாக இருக்க வேண்டும்.

கே: விழுந்தவர் எழுந்து ‘ஒன்றும் இல்லை’ என்கிறார். மறுபடி ஏற்றலாமா? – சென்னை வாசகர்

ப: ‘ஒன்றும் இல்லை’ என்பது வெட்கத்தில் வரும் வார்த்தை. எழ விடாமல் முதலில் கேள்வி கேளுங்கள்: கழுத்து வலிக்கிறதா, கை கால் விரல் அசைகிறதா, மரத்திருக்கிறதா. கழுத்திலோ முதுகிலோ நடு எலும்பில் வலி என்றால் அசைக்காமல், தலையை இரு கையாலும் பிடித்தபடி 108க்குச் சொல்லுங்கள் (இலங்கையில் 1990). மூச்சுக்குத் தடை இல்லாதவரை ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். எந்த ஊர்ப் பாதை, கடைசியாகக் கடந்த எஸ்டேட் கேட் எது, ஆம்புலன்ஸ் எதுவரை வர முடியும் என்று சொல்லி, ஓர் ஆளைக் குதிரையில் அந்த இடத்துக்கு அனுப்பி நிற்க வையுங்கள்.

தலையில் அடிபட்டு ஒரு நொடி நினைவு தவறியிருந்தாலும், கேட்டதையே திரும்பக் கேட்டாலும், அன்றைக்குச் சவாரி இல்லை. வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, தூக்கக் கலக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் ஆஸ்பத்திரி. வயிற்றில் உதைபட்டவரையும், குதிரை மேலே விழுந்தவரையும் நன்றாக இருந்தாலும் அழைத்துப் போங்கள். மண்ணீரல் கிழிந்து மெல்லக் கசிந்தால் முதல் ஒரு மணி நேரம் வெளியே ஒன்றும் தெரியாது; இடது தோளில் காரணமில்லாத வலி அதன் அடையாளம்.

கே: சாப்பாட்டு நேரத்தில் குதிரையை எங்கே கட்டுவது? – வால்பாறை வாசகர்

ப: எங்கே கட்டக் கூடாது என்பது முக்கியம். சாலையோரத்திலும் பங்களா வாசலிலும் நிற்கும் அரளி, தங்க அரளி இரண்டும் குதிரைக்குக் கொடிய விஷம். ஒரு கைப்பிடி இலை போதும், இதயம் நிற்க. காய்ந்த இலைக்கும் அதே விஷம் உண்டு. மலையில் மண்டிக் கிடக்கும் பெரணியையும் மேய விடாதீர்கள்.

கடிவாள வாரில் கட்டாதீர்கள். மிரண்டு தலையை உதறினால் வாய் கிழியும். ஹால்ட்டரில் மாட்டிய கயிற்றை, உயிருள்ள மரத்தில், தோள்மேட்டு உயரத்தில், ஒரு கை நீளம் விட்டு, ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். கயிற்றுக்கும் மரத்துக்கும் இடையே ஒரு சணல் வளையம் இருந்தால் நல்லது. குதிரை முழுப் பலத்தோடு இழுத்தால் கழுத்துக்குப் பதில் சணல் அறும்.

கே: மலைத்தேனீ கலைந்துவிட்டால்? – குன்னூர் வாசகர்

ப: நிற்கக் கூடாது, கையை வீசக் கூடாது. வந்த வழி பாதுகாப்பானது என்றால் அதே வழியில் வேகமாக வெளியேறுங்கள். சில நூறு மீட்டராவது விலக வேண்டும். கட்டிப்போட்ட குதிரை இருந்தால் கயிற்றை அறுத்துவிடுங்கள். கத்தி உடம்பில் இருக்க இதுவும் ஒரு காரணம். கொடுக்கு தோலில் தங்கினால் நகத்தால் உடனே வழித்தெடுங்கள். கொட்டுப்பட்டவருக்கு உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ உடனே 108. வாசனைத் தைலம் பூசிக்கொண்டு காட்டுப் பக்கம் போகாதீர்கள்.

கே: மழைக்காலத்தில் அட்டை? – நுவரெலியா வாசகி

ப: காலில் ஏறும் அட்டையைப் பற்றிப் பெரிதாகக் கவலை வேண்டாம், உப்பு போட்டால் விழும். தேங்கிய ஊற்றில் குதிரை குடிக்கும்போது அதன் மூக்குக்குள் ஏறும் அட்டைதான் தொல்லை. ஒரு நாசியில் மட்டும் ரத்தம், ஓயாத தும்மல் என்றால் டார்ச் அடித்துப் பாருங்கள். ஓடும் தண்ணீரில் மட்டும் குடிக்க விடுங்கள்.

கே: குதிரை ஓடியே விட்டது. துரத்தலாமா? – கோவையிலிருந்து இன்னொரு வாசகர்

ப: துரத்தினால் அது இன்னும் வேகமாக ஓடும். மற்ற குதிரைகளும் பின்னாலேயே கிளம்பிவிடும். எல்லாரும் நில்லுங்கள், இறங்குங்கள், உங்கள் குதிரைகளைப் புல் மேய விடுங்கள். கூட்டம் நிற்பதைப் பார்த்துப் பல குதிரைகள் கொஞ்ச தூரத்திலேயே நின்று திரும்பிப் பார்க்கும். அப்போது ஒருவர் மட்டும், நேராக அல்லாமல் பக்கவாட்டில், கண்ணைப் பார்க்காமல் நெருங்கலாம். வராவிட்டால் லாயத்துக்குப் போன் செய்யுங்கள். பெரும்பாலும் அது அங்கேதான் போகும். வழியில் சாலையைக் கடக்க வேண்டியிருந்தால் 112க்கும் சொல்லுங்கள். ஹால்ட்டரில் உங்கள் செல்போன் எண்ணைத் தகட்டில் பொறித்து மாட்டியிருந்தால் பிடித்தவர் கூப்பிடுவார். ஓடிய குதிரைக்கு அடிபட்டிருந்தால் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962. இரவில் அது கிடைக்கும் என்று நம்பியிருக்காமல், குதிரை பார்க்கும் மருத்துவர் ஒருவரின் எண்ணைக் கிளம்புமுன்னே வாங்கி வையுங்கள். உடுமலை, தேனி, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் உங்கள் பாதைக்கு எது அருகில் என்றும் பார்த்துக்கொண்டு, குதிரையை ஏற்ற வண்டி தருபவரின் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். எழுதிய தாளைச் சட்டைப் பையில் வையுங்கள், சேணப்பையில் வேண்டாம்.